வாசமும் வம்சமும்: இலங்கைத் தோட்டத் தமிழரின் வாக்குரிமை

ஒரு நாட்டில் நெடுங்காலம் வாசம் செய்து உழைப்பதே வாக்குரிமைக்குப் போதிய ஆதாரமா, அன்றி வம்சமே அந்நாட்டில் வேரூன்றியிருத்தல் வேண்டுமா என்னும் வினாவுக்கு இலங்கை இருபதாண்டுக் காலத்துக்குள் இரு வேறு விடைகளை அளித்தது. அம்மாற்றத்தின் பாரம் மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழர்மீதே விழுந்தது.

1928ஆம் ஆண்டில் வெளியான, அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றிய டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கை, இருபாலார்க்கும் சர்வஜன வாக்குரிமையைச் சிபாரிசு செய்து, வந்து குடியேறியவர்க்கு ஐந்தாண்டு வாசத்தைத் தகுதியாகக் கூறிற்று. சிங்களத் தலைவர்களின் ஆட்சேபத்தால் கவர்னர் ஸ்டான்லி அவ்விதியை இறுக்கினார் எனினும், 1931ஆம் ஆண்டின் தேர்தல் முதல் தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தே வந்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில், தேர்ந்தெடுக்கப்படும் 95 ஸ்தானங்களுள் ஏழினைத் தோட்டத் தமிழரின் கட்சியாகிய இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணை நின்றன. அடுத்து வந்த சட்டங்களின் காரணத்தை நாம் இங்கேதான் தேட வேண்டும் என்பது என் துணிபு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இலங்கையிற் பிறந்தவன் ஒருவன், தன் தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஆகிய இருவருமேனும் அங்கே பிறந்தவர் என நிரூபித்தல் வேண்டும் என்பதே அதன் விதி. சிங்களக் கிராமத்தானிடம் எவரும் அந்த நிரூபணத்தைக் கேட்கவில்லை. ஆள்சேர்க்கும் கங்காணியின் பின்னே இந்தியாவிலிருந்து வந்து, பெற்ற கடனைக் குறித்த துண்டுச் சீட்டோடு தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிய மூதாதையரின் சந்ததியாரோ, பாட்டனின் ஜனனப் பத்திரத்துக்கு எங்கே போவர்? சொல்லளவிற் சமநீதி போலத் தோன்றும் ஒரு விதி, ஒரு ஜனசமூகத்தையே வெளியே நிறுத்துவதற்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் காண்டல் அரிது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவின் மூலம் பிரஜையாக ஒரு வழி வைத்தது. ஆயினும், மணமானவர் ஏழாண்டும் மற்றையோர் பத்தாண்டும் 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன் இடையறாது வசித்தமையை அது கோரியதால், இந்தியாவிலுள்ள தன் ஊர் சென்று ஓராண்டுக்கு மேல் தங்கியவன் தகுதியிழந்தான். எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தும், சுமார் 1,34,000 பேரே பதிவு பெற்றனர். அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமோ, பிரஜையல்லாதார் பெயர்களை வாக்காளர் பட்டியலினின்றும் நீக்கியது. ஒரு சமூகத்துக்குப் பாரபட்சம் செய்யும் சட்டங்களைத் தடுத்த, சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை ஆதாரமாக்கி இச்சட்டங்களுக்கு எதிராகத் தொடர்ந்த கோடகன் பிள்ளை வழக்கை 1953இல் பிரிவி கவுன்சில் தள்ளிவிட்டது; தன் பிரஜைகள் இன்னார் என வரையறுத்தல் சட்டசபையின் இயல்பான அதிகாரம் என்பது அதன் நியாயம். அந்நியாயம் சட்டத்தின் எழுத்தை நோக்கியதேயன்றி விளைவை நோக்கவில்லை. 1946இல் மொத்த ஜனத்தொகையைக் கொண்டு வகுத்த தொகுதிகளே 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலும் நிலவியமையால், ஸ்தானங்களைப் பெருக்கிக் கொடுத்த தலைகளாக எண்ணப்பட்ட அம்மக்கள், அங்கே வாக்களிக்க மட்டும் இயலாதோராயினர்.

1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இவ்வாறு நாடற்றோரான 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சியோரைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. அவர்களையும் 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. எவ்விடம் செல்ல விருப்பம் என்று அம்மக்களைக் கேளாமலே எண்கள் முடிவு செய்யப்பட்டமை பெருங்கொடுமை. 1988இல் ஒரு சட்டம் நாடற்றோருட் பலருக்கு உரிமை நல்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினரையும், அங்கே வசிக்கும் அவர்தம் சந்ததியாரையும் பிரஜைகளாக ஏற்றது.