கோட்டையாகிப் போன நகரம்: செஞ்சியைப் பற்றிப் பிறர் கொண்ட எண்ணங்கள்

செஞ்சி என்றதும் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நினைவுக்கு வருவன மூன்று குன்றுகளும், அவற்றை இணைத்து ஓடும் மதிலும், தேசிங்குராஜன் என்ற பெயருமே. விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர், நானூறு ஆண்டுகளுக்கு முன்பு தென்னிந்தியாவின் பெருநகரங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது என்பது இன்று கோட்டையைக் காண வருவோரில் பலர் அறியாத செய்தி. ஓர் ஊரின் பெயரை அங்கு வாழ்பவர்களைக் காட்டிலும், அதைப் பிடிக்க வந்தவர்களும் கடந்து போனவர்களும் பாடியவர்களுமே ஆக்குகிறார்கள் என்பதற்குச் செஞ்சியின் வரலாறு தெளிவான சான்று. அவ்வாறு ஆக்கப்பட்ட பெயரில் நகரம் மறைந்து கோட்டை மட்டும் எஞ்சியது.

செஞ்சியைப் பற்றிய பழைய எண்ணங்களுள் ஒன்று 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அரசன் வீதியில் பவனி வருவதைப் பாடும் உலா என்னும் இலக்கிய வகையில் ஒட்டக்கூத்தர் இயற்றிய விக்கிரமசோழன் உலா, சோழனுக்கு அடங்கிய தலைவர்களை வரிசைப்படுத்தும் இடத்தில், மதில் சூழ்ந்த செஞ்சிக்கு உரியவனாகக் காடவன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. உள்ளூர் மரபோ, கோட்டையின் தோற்றத்தை ஆனந்தக் கோன் என்னும் கோனார் குலத் தலைவனுக்கும், இங்குள்ள கிருஷ்ணகிரிக் குன்றுக்குத் தன் பெயரைத் தந்தவனாகச் சொல்லப்படும் கிருஷ்ணக் கோனுக்கும் உரியதாக்குகிறது. இவ்விரண்டு மரபுகளையும் காலவரிசையில் ஒழுங்காகப் பொருத்துவது எளிதன்று. எனினும் விசயநகரப் பேரரசு இங்கு வந்து நாயக்கர்களை அமர்த்துவதற்கு முன்பே செஞ்சி அரணுள்ள ஊராக அறியப்பட்டிருந்தது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

நகரமாகச் செஞ்சியைப் பார்த்து எழுதி வைத்தவர்களுள் முதன்மையானவர், 16ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இங்கு வந்த இயேசு சபைத் துறவி நிக்கோலஸ் பிமெண்டா. அப்போது செஞ்சியை ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரியது என்றும், லிஸ்பனை நீக்கிப் பார்த்தால் போர்த்துக்கல்லில் இதற்கு இணையான நகரம் இல்லை என்றும் பிமெண்டா குறித்தார். ஊரின் நடுவே, நீர் நிறைந்த அகழி சூழ்ந்த கோட்டை இன்னொரு நகரம் போலத் தோன்றியதையும், அதன் நடுவே உள்ள பாறையே கொத்தளங்களாகச் செதுக்கப்பட்டிருந்ததையும் அவர் விவரித்தார். அவருடைய குழுவினர் தங்குவதற்கு நாயக்கர் ஒரு கோபுரக் கட்டடத்தை ஒதுக்கித் தந்தார். ஆனால் வெப்பம் தாங்காமல் அவர்கள் அருகிலிருந்த கோயில் தோப்புக்கு மாறினார்கள். கோட்டைக்குள் சென்றபோது, அரசர் புதிதாகப் புகும் மனையில் தீர்த்தம் தெளிப்பதற்காக ஏறத்தாழ இருநூறு அந்தணர்கள் வரிசையாகச் செல்வதைக் கண்டார்கள். அரசரோ பட்டு விரிப்பின் மேல் திண்டுகளில் சாய்ந்தபடி, அணிகலன்கள் மின்ன அவர்களை வரவேற்றார். இக்குறிப்பு சாமுவேல் பர்ச்சஸ் தொகுத்த பயண நூல் வழியாக ஆங்கிலத்திலும் படிக்கப்பட்டது. ஆகவே, ஐரோப்பாவில் செஞ்சியின் பெயர் முதலில் பரவியது போர்க்களமாக அன்று, செல்வமும் சடங்கும் நிறைந்த தலைநகரமாகவே என்று கொள்ளலாம்.

அந்த நகரத்தின் தடயங்கள் இன்றும் மதிலுக்குள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் பொறுமைதான் வேண்டும். பல நிலைகளாக எழும்பிக் கூம்பாக முடியும் கல்யாண மகால், அதன் மேல் நிலைகள் வரை நீரைக் கொண்டு சென்ற மண்குழாய்கள், வளைவுக் கூரையுடன் கட்டப்பட்ட பெரிய நெற்களஞ்சியங்கள், குதிரை லாயங்கள், ஆனைக்குளம், சக்கரக்குளம் ஆகியவை ஒரு படைமுகாமுக்கு மட்டும் வேண்டியவை அல்ல. வெளிக்கோட்டையில் புதுச்சேரி வாயிலின் அருகே உள்ள வேங்கடரமணர் கோயில் 16ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கரால் கட்டப்பட்டது. அதன் கோபுர வாயிலின் உட்சுவர்களில் பாற்கடல் கடைதலும் இராமாயணக் காட்சிகளும் சிறு சிறு கட்டங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. நாள்தோறும் மக்கள் நுழைந்து வெளியேறிய வாயிலில், கண்ணுக்கு எட்டும் உயரத்திலேயே பல சிற்பங்கள் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

1640களின் இறுதியில் பீசப்பூர் சுல்தானகத்தின் படை செஞ்சியைக் கைப்பற்றியது முதல் இவ்வூரைப் பற்றிய பேச்சு மாறியது. அடுத்தடுத்து வந்த ஆட்சியாளர்கள் தத்தம் பெயர்களைச் சூட்டினார்கள்: பீசப்பூராருக்கு அது பாதுஷாபாத், முகலாயருக்கு நுஸ்ரத்கட். 1677இல் சிவாஜி அதைப் பெற்றபோது, அவர் புது மதில்களைக் கட்டியும் அகழிகளைத் தோண்டியும் கொத்தளங்களை எழுப்பியும் பெருஞ்செலவில் அரண்களைத் திருத்தியமைத்ததை இயேசு சபைத் துறவி ஆந்திரே ஃப்ரெய்ரே தம் மடலில் வியந்து எழுதினார். பிமெண்டா அரசவையையும் அந்தணர் வரிசையையும் எழுதிய அதே ஊரைப் பற்றி, ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே சபையைச் சேர்ந்த இன்னொருவர் மதிலையும் அகழியையும் பற்றி எழுத நேர்ந்தது.

பின்னர் சிவாஜியின் மகன் இராஜாராம் மராட்டியத்திலிருந்து தப்பி வந்து இங்கே அரசமைத்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 தொடக்கம் வரை நீடித்தது. முகலாய இளவரசர் காம் பக்ஷ் எதிரியோடு உறவாடுகிறார் என்ற ஐயத்தில் சொந்த முகாமிலேயே காவலில் வைக்கப்பட்டதும், சுல்பிகர் கானே முற்றுகையை வேண்டுமென்று நீட்டிக்கிறார் என்று அக்காலத்தார் பேசிக்கொண்டதும், கோட்டை விழுவதற்கு முன்பே இராஜாராம் வெளியேறிவிட்டதும் செஞ்சியை இந்தியா முழுவதும் அறிந்த பெயராக்கின. எட்டாண்டுகள் இரு படைகளுக்கும் தீனி போட்ட சுற்றுப்புறச் சிற்றூர்களின் நிலை என்னவாயிற்று என்பதைப் போர்க்கதை எழுதியவர்கள் பெரிதாகக் கருதவில்லை. தலைநகரம் என்ற நிலையிலிருந்து செஞ்சியைக் கீழிறக்கியது வேறெதையும்விட இந்த நீண்ட முற்றுகையே என்று கொள்ளத் தோன்றுகிறது.

தமிழ் மக்களின் மனத்தில் செஞ்சிக்கு இடம் பெற்றுத் தந்தது இவை எதுவுமன்று. பத்து மாதம் மட்டுமே ஆண்ட ஓர் இளைஞனின் சாவு. முகலாயர் சார்பில் கோட்டைத் தலைவராக இருந்த புந்தேல இராசபுத்திரர் சுவரூப் சிங் 1714இல் இறந்தபின், அவருடைய மகன் தேஜ் சிங் வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்றார். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான், பழைய வரி நிலுவையைக் கேட்டதோடு, தந்தைக்குப் பேரரசர் அளித்த ஆணை மகனுக்குச் செல்லாது என்றும் வாதிட்டார். நிர்வாக நோக்கில் இது அன்று எங்கும் நடந்த வழக்குதான். ஆனால் 1714 அக்டோபர் 3ஆம் நாள், வெள்ளம் ஓடிய ஆற்றைக் கடந்து சில நூறு குதிரை வீரர்களோடு நவாபின் பெரும்படையை எதிர்த்து, இருபத்திரண்டு வயதில் தேஜ் சிங் களத்தில் இறந்ததும், மக்கள் அவரைத் தேசிங்கு என்று தம்முடையவராக்கிக் கொண்டார்கள்.

தேசிங்குராஜன் கதை, தெருவில் பாடப்பட்டும் மலிவு விலை அச்சுப் பிரதிகளாக விற்கப்பட்டும் தமிழகம் முழுவதும் பரவிய கதைப்பாடல். வரி நிலுவை அக்கதையில் பின்னே தள்ளப்பட்டு, பாராசாரி என்னும் குதிரையும், சிங்கவரம் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதரிடம் தேசிங்கு விடைபெறுவதும், திருமணத்தை விட்டுவிட்டு நண்பனுக்காக நீலவேணிக் குதிரையில் விரைந்து வந்து களத்தில் மடியும் மகமத்கானும் முன்னே நிற்கிறார்கள். இந்து அரசனும் முஸ்லிம் நண்பனும் ஒரே போரில், ஒரே பக்கத்தில் சாகும் கதையைச் சாதாரண மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு அழுதார்கள் என்பது செஞ்சி வரலாற்றில் மதிலைவிடப் பெரிய செய்தி. எதிர்த்து வென்றவரையும் மரபு கொடியவராக ஆக்கவில்லை. உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவியின் நினைவாகவே சாதத்துல்லா கான் ராணிப்பேட்டையை அமைத்தார் என்று சொல்லப்படுகிறது. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘ராஜா தேசிங்கு’ அந்தக் கதையைத் திரைக்குக் கொண்டு சென்றது. வேற்றுமொழி பேசிய, ஓராண்டுகூட ஆளாத ஒருவர் பெயரால் ஊர் அறியப்படும்போது, நகரத்தைக் கட்டிய நாயக்கர்களின் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

ஐரோப்பியர் கண்ணில் செஞ்சி வேறு வகையாகத் தெரிந்தது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் அதைப் பிடித்தது, பிடிக்க முடியாதது என்று பெயரெடுத்த கோட்டை என்பதாலேயே அன்று ஆர்க்காட்டு நவாபின் கீழ் இருந்த கர்நாடகப் பகுதி முழுவதும் பிரெஞ்சுக்காரரின் மதிப்பை உயர்த்தியது. ராஜகிரிக் குன்றின் உச்சியை அடைய, ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பாறைப் பிளவை மரப்பாலத்தால் கடக்க வேண்டும் என்பதை நேரில் காண்பவர்களுக்கு அந்த வியப்பு விளங்கும். 1761 ஏப்ரலில் ஆங்கிலப் படையின் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் கோட்டை சரணடைந்தது. கிரேக்கக் காவியங்களில் பத்தாண்டு முற்றுகைக்கு ஆளாகும் ட்ராய் நகரத்தை நினைத்து, ‘கிழக்கின் ட்ராய்’ என்று ஆங்கிலேயர் இதை அழைத்ததாகக் கூறுவர்.

அந்தப் புகழோடு ஒரு கெட்ட பெயரும் சேர்ந்தது. ஆங்கிலக் கம்பெனியின் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம், கர்நாடகப் பகுதியிலேயே உடல்நலத்துக்கு மிகவும் ஒவ்வாத இடம் செஞ்சி என்று எழுதினார். ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கு வைத்திராத பிரெஞ்சுக்காரர்கள் பத்தாண்டுகளில் 1,200 பேரை இழந்ததாக அவர் கேள்விப்பட்டுக் குறித்தார். குன்றுகளுக்கு நடுவே காற்றோட்டம் இல்லாததே காரணமாக இருக்கலாம் என்று அவர் கருதினார்; கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு அறியப்படாத காலம் அது. பெருநகரத்துக்கு உயிராக இருந்த குளங்களும் அகழியும் பேணுவோர் இன்றித் தேங்கியபோது, அவையே ஊரின் பெயரைக் கெடுத்திருக்கக் கூடும். 18ஆம் நூற்றாண்டு முடிந்து போர்களும் ஓய்ந்தபின், அரசுக்குச் செஞ்சியால் எந்தப் பயனும் இல்லாமல் போனது, ஊரும் சுருங்கியது. புதுச்சேரிக் கடற்கரையில் இன்று காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டு செல்லப்பட்டவை என்பதை அங்கே மாலையில் உலாவுவோர் அறிவது அரிது.

1921இல் கோட்டை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது. 1943இல் சி.எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சியையும் அதன் ஆட்சியாளர்களையும் பற்றி எழுதிய விரிவான ஆங்கில நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய இராணுவ நிலவமைப்புகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, மகாராட்டிரத்துக்கு வெளியே இருந்து சேர்க்கப்பட்ட ஒரே கோட்டை செஞ்சி. இது செஞ்சிக்குக் கிடைத்த பெருமை என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், கோனார்களும் நாயக்கர்களும் கட்டிய ஊரை மராட்டியர் பெயரால் மட்டும் உலகுக்கு அறிமுகப்படுத்தலாமா என்று தமிழ்நாட்டில் எழுந்த கேள்வியும் நியாயமானதே. மராட்டியர் இங்கு ஆண்டது ஏறத்தாழ இருபது ஆண்டுகள். களஞ்சியங்களும் கல்யாண மகாலும் வேங்கடரமணர் கோயிலும் அவர்களுக்கு முந்தியவை. மேல்மலையனூர் அங்காளம்மனைக் காண அமாவாசைதோறும் செஞ்சி வழியாகச் செல்லும் பல்லாயிரவரும், நெல் மூட்டைகளோடு சந்தைக்கு வரும் உழவர்களும் சாலையிலிருந்து பார்ப்பது குன்றின் மேலுள்ள மதிலை. பிமெண்டா கண்ட நகரம் அதன் அடிவாரத்தில் உள்ளது, அகழாய்வு செய்து வெளிக்கொணர வேண்டிய பகுதி இன்னும் அங்கே நிறைய இருக்கிறது.