திருவில்லிபுத்தூர்க் காடும் கண்மாயும்

‘புத்தூர்’ என்னும் ஊர்ப்பெயர் ஈறு புதிதாய் எழுந்த குடியிருப்பைக் குறிப்பதாகும். மல்லி என்னும் வேட்டுவ அரசியின் மைந்தர் வில்லியும் கண்டனும் வேட்டைமேற் சென்றனர் என்றும், கண்டன் புலியால் மாண்டான் என்றும், பின்னர் வில்லி அக்காட்டைத் திருத்தி ஊரும் கோயிலும் கண்டான் என்றும் திருவில்லிபுத்தூர்த் தலவரலாறு கூறும். இதனை வரலாறாகக் கொள்ள யாம் துணியோம். ஆயினும், காடு அழிந்தே ஊர் பிறந்தது என்னும் நினைவு இக்கதையுள் உறைந்து கிடக்கின்றது.

காடு திருத்துதல் பண்டு வேந்தர்க்குப் புகழாயிற்று. பட்டினப்பாலை கரிகாலனைப் பாராட்டுமிடத்து, அவன் காட்டை அழித்து நாடாக்கியதனையும் குளம் தோண்டியதனையும் அடுத்தடுத்து வைத்துரைக்கின்றது. இவ்விரு செயலும் இணைந்து நிற்றல் ஈண்டு நோக்கத்தக்கது. மரம் வெட்டிய நிலத்தில் நீர் நில்லாதாயின் அது நாடாகாது.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இவ்வியைபு மேலும் விளங்கும். மேற்கு மலைத்தொடரின் மழைமறைவுப் பக்கத்தே அமைந்தமையால் இந்நிலம் தென்மேற்குப் பருவமழையைக் குறைவாகவே பெறும். வடகிழக்குப் பருவமே இதற்குப் பெருந்துணை. மலையினின்று இழியும் ஓடைகளும் சிற்றாறுகளும் சில திங்களே பெருகி ஓடி, வழிநெடுகக் கண்மாய்களை நிரப்பி, எஞ்சியது வைப்பாற்றிற் சேரும். சரிவில் மரமும் சருகும் உள்ளவரை மழைநீர் மண்ணுள் இறங்கி மெல்லக் கசியும். அவை நீங்கின், நீர் மண்ணையும் வாரிக்கொண்டு விரைந்திறங்கிக் கண்மாயைத் தூர்க்கும். குறிஞ்சியும் முல்லையும் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறியது வெயிலின் கொடுமையை நோக்கி. இங்கே கோடரியும் அதனைச் செய்ய வல்லது. கரிசற் பருத்தி பெய்யும் மழையைக் கொண்டு விளைந்துவிடும். நெல்லுக்கோ மலை வேண்டும். சமவெளிக் காட்டை அழித்த உழவன் மலைக்காட்டை நம்பியே உழுதான் என்க.

1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் ஒதுக்குக் காடுகளை அரசின் ஆட்சிக்கு உட்படுத்தியது. அதனால் காடு காக்கப்பட்டது என்று மட்டும் எழுதுவது குறையுடைத்து. மாடு மேய்த்தலும் விறகும் தழையும் எடுத்தலும் அலுவலர் இசைவுக்கு உரியவாயின. மலையில் தேனும் கிழங்கும் கொண்டு வாழ்ந்த பளியர், தம் வாழிடத்திலேயே பிறர் இசைவை வேண்டி நிற்பாராயினர். வனவாழ்நர் உரிமையைச் சட்டம் ஏற்க 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1988-இல் இம்மலைக்காடு சாம்பல்நிற மலையணில் சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. கண்டனைக் கொன்றதாகக் கதை கூறும் விலங்கிற்கே அக்காடு மீண்டும் உரியதாயிற்று போலும்! ஆனால் எல்லைக்கல் நட்டதனால் அடிவாரத்து வழக்குத் தீரவில்லை. இராசபாளையம், சேத்தூர்ப் பக்கத்து மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் யானை புகுந்து மரங்களைச் சாய்க்கின்றது. பல்லாண்டு வளர்த்த தென்னை ஓரிரவில் வீழக் காண்பவனிடம் காட்டின் பெருமையைப் பேசுதல் எளிதன்று. மலையணிலோ தரையில் இறங்க விரும்பாது கிளைவழியே செல்வது. ஓடைக்கரை மரங்களும் அவற்றை அடுத்த மாவும் புளியும் கிளை கோத்து நிற்குமிடத்துத் தோப்பும் அதற்குக் காடேயாகும். யானையைத் தடுக்க வேலியிடும் உழவன், தன் தோப்பின் கிளைகளை வெட்டாது விட்டாலே அணிலுக்கு வழி கிடைத்துவிடும்.