சுவரைத் தேய்த்த கலப்பை

ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டில் துடைப்பம் எங்கே இருக்கிறது?

யோசிக்கவே வேண்டாம்... கதவுக்குப் பின்னால்தான்! பக்கத்திலேயே ஒட்டடைக்கோல், மாப், பாத்ரூம் தண்ணீர் தள்ளுகிற வைப்பர். கதவைக் கொஞ்சம் வேகமாகத் திறந்தால் எல்லாம் சரிந்து காலில் விழும். இந்தத் தொல்லைக்கென்றே சுவரில் மாட்டுகிற ஹோல்டர் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. கம்பை உள்ளே அழுத்தினால் இரண்டு ரப்பர் உருளைகள் கப்பென்று பிடித்துக்கொள்ளும். நேற்று முளைத்த சமாச்சாரம் என்றுதான் நினைப்போம். ஆனால், நீளமான சாமானைச் சுவரோரம் எப்படி வைப்பது என்கிற பிரச்னை, நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் சங்க காலத்திலேயே பதிவாகியிருக்கிறது!

பதிவு செய்தவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். நூல், பெரும்பாணாற்றுப்படை. மொத்தம் 500 அடிகள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கித் திரும்பும் பாணன், வழியில் பார்த்த இன்னொரு ஏழைப் பாணனுக்கு 'இப்படிப் போ, இங்கே சாப்பாடு கிடைக்கும்' என்று ரூட் சொல்கிறான். 1889-ல் உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது இதுவும் நம் கைக்கு வந்தது.

வழியில் வரகு விளைவிக்கிறவர்களின் சிற்றூர் ஒன்று வருகிறது. முற்றத்தில் பெண் யானைக் கூட்டம் மாதிரி குதிர்கள் நிற்கின்றன. யானைக் கால் மாதிரி, தானியம் திரிக்கிற மரம். அப்புறம், புகை படிந்த கொட்டில். அதன் நெடுஞ்சுவரில் வண்டிச் சக்கரத்தையும் கலப்பையையும் சாத்திச் சாத்தி, சுவர் தேய்ந்தே போய்விட்டதாம். 'பறைந்த' என்று ஒரே ஒரு சொல். அரசனைப் பாட வந்த புலவருக்கு, குடியானவன் வீட்டுச் சுவரின் தேய்மானம் எதற்குக் கண்ணில் படவேண்டும்? சும்மா ஒரு நாள் சாத்தினால் சுவர் தேயாது. விடிந்தால் எடுத்து, அந்தி சாய்ந்தால் கொண்டுவந்து வைத்து... எத்தனை வருஷ உழைப்பு அந்தச் சுவரில்!

அதே பாட்டில் எயினர் வீட்டுக்கும் போகிறோம். அங்கே வில்லைச் சாத்தி வைத்திருக்கிறார்கள், அம்புகள் தூங்குகின்றன. பிறகு கடற்கரை. நீர்ப்பெயற்று என்கிற ஊர். வானை முட்டும் மாடத்தின் மேல் ராத்திரி தீ மூட்டி, ஓடுகிற கப்பல்களைக் கூப்பிடுகிறார்கள். அதில் ஏற... ஏணி சாத்தியிருக்கிறது! இந்த ஊர்தான் மாமல்லபுரம் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. அங்கே இப்போதுள்ள கலங்கரை விளக்கம் வருவதற்கு முன்பு, பாறை உச்சியிலிருக்கும் ஒலக்கணேஸ்வரர் கோயிலையே வெள்ளைக்காரர்கள் விளக்கேற்றப் பயன்படுத்தினார்கள். அதைப் பார்த்தவர்கள் முதல் கட்சியில் சேர்ந்துவிடுவார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

வில், கலப்பை, ஏணி. எல்லாமே சாத்தல்தான். ஏன் ஒரு முளை அடித்து மாட்டவில்லை? என் ஊகம் இது: காய்ந்த மண் சுவரில் முளை அடித்தால் பொலபொலவென்று உதிரும். கட்டும்போதே பதித்தால்தான் உண்டு. அதுவும் கலப்பையின் கனத்தைத் தாங்காது. வசதியானவர் வீட்டில் முளை இருந்தது. காமசூத்திரம் விவரிக்கும் சுகவாசியின் அறையில், வீணை சுவர் முளையில் தொங்குகிறது. அந்த முளைக்குப் பெயர் நாகதந்தம், அதாவது யானைத் தந்தம்!

துடைப்பத்துக்கே முளை கொடுத்தவர்கள் அமெரிக்காவின் ஷேக்கர் கிறிஸ்தவர்கள். இன்று கடையில் பார்க்கிற தட்டைத் துடைப்பத்தை 1798-ல் உருவாக்கியதாகச் சொல்லப்படும் தியோடர் பேட்ஸ் இவர்களில் ஒருவர்தான். அறையைச் சுற்றிப் பலகை அடித்து, வரிசையாக மர முளைகள். துடைப்பம், தொப்பி, ஏன்... நாற்காலியைக்கூடத் தூக்கி அதில் மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்குவார்கள். சுத்தமும் அவர்களுக்கு வழிபாடு மாதிரி.

திரும்பவும் தொண்டை நாட்டுக்கு வருவோம். அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் போர் மூளும் நிலை. தூது போனவர் ஔவையார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். மயில் பீலி சூட்டி, மாலை போட்டு, காம்பைத் திருத்தி, நெய் பூசி, காவலுக்குள் வைத்த வேல்கள்! ஔவையார் பார்த்தார். 'உன்னுடையது அழகாக இருக்கிறது. எங்கள் மன்னனுடையதெல்லாம் பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது' என்கிற அர்த்தத்தில் பாடினார். புறநானூற்றின் 95-வது பாட்டு. புகழ்கிற மாதிரியே காலை வாரிவிடுவது என்றால் இதுதான்!

இப்போது உங்கள் வீட்டு ஹோல்டரைப் பாருங்கள். நுனி மடங்காத மாப், விறைப்பான புதுத் துடைப்பம்... தொண்டைமானின் வேல்களேதான். வேலைக்கு வரும் அம்மா தினம் பெருக்கித் தேய்த்த கட்டைத் துடைப்பத்துக்கு அதில் இடம் உண்டா? அது மாடிப்படிக்கு அடியில் கிடக்கும்.

2019 அக்டோபரில் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்திப்பதற்காக மாமல்லபுரத்தையே துடைத்துப் பளபளப்பாக்கினார்களே... இந்த மாதிரி வேலைக்கெல்லாம் நம் துப்புரவுத் தொழிலாளர்கள் நம்பியிருப்பது தென்னந்துடைப்பத்தைத்தான். குனிந்து குனிந்து இடுப்பு ஒடியாமல் இருக்க, ஆள் உயரக் கம்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் விடிகாலையில் கவனியுங்கள். தெருவைப் பெருக்கி முடித்தவர், டீக்கடைச் சுவரில் அந்தக் கம்பைச் சாத்திவிட்டுத்தான் டம்ளரைக் கையில் வாங்குவார்.