கடல் கடந்து வந்த குரல்

தாயகத்தில் தீங்கு நேரும்போது, அயல்நாட்டில் பத்திரமாக வாழ்பவனுக்கு அதைப் பற்றிப் பேச உரிமை உண்டா? சரித்திரம் பலமுறை எழுப்பிய வினா இது. வானொலியின் வாயிலாகவே இதற்கு விடை தேடிய ஒருவரைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன். அவர் தாமஸ் மான் என்னும் ஜெர்மானிய நாவலாசிரியர். 1929-ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவர்.

1933 பிப்ரவரி 11-ஆம் தேதி அவர் மியூனிக் நகரை விட்டுச் சொற்பொழிவுப் பயணமாகப் புறப்பட்டார். இசை மேதை வாக்னரைப் பற்றிச் சில நகரங்களில் பேசிய பின், ஸ்விட்சர்லாந்தில் ஓய்வெடுத்துத் திரும்புவதாக ஏற்பாடு. அதே மாதம் 27-ஆம் தேதி பெர்லினில் பாராளுமன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. மறுநாளே ஹிட்லரின் அரசு குடிமக்களின் அடிப்படை உரிமைகளைப் பறித்தது. மானின் பிள்ளைகள் எரிகாவும் கிளவுஸும் தொலைபேசியில் பேசினர். ஒட்டுக் கேட்பார்களோ என்றஞ்சி, இங்கே வானிலை சரியில்லை என்று குறிப்பாகச் சொன்னார்கள். குறிப்பு அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கிய பின்னர், பதினாறு ஆண்டுகள் அவர் ஜெர்மன் மண்ணை மிதிக்கவில்லை.

அவர் உடனே வாய் திறந்தாரா என்றால், இல்லை. தம் நூல்கள் தாயகத்தில் தொடர்ந்து படிக்கப்பட வேண்டுமென்று எண்ணி, ஏறக்குறைய மூன்றாண்டுகள் வெளிப்படையாகக் கண்டிக்காதிருந்தார். 1936-இல்தான் மௌனம் கலைந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் குடியுரிமை பறிபோயிற்று. பான் பல்கலைக்கழகம் தான் அளித்த டாக்டர் பட்டத்தையும் பறித்தது. 1938-இல் அவர் அமெரிக்காவில் குடியேறினார்.

1940 அக்டோபர் முதல் பி.பி.சி. நிலையம் அவருடைய உரைகளை ஜெர்மனிக்கு ஒலிபரப்பியது. தொடக்கத்தில் அவர் தந்தி மூலம் அனுப்பியதை வேறொருவர் வாசித்தார். பின்னர் அவர் தம் குரலையே இசைத்தட்டில் பதிவு செய்தார். கலிபோர்னியாவிலிருந்து அத்தட்டு விமானத்தில் நியூயார்க் செல்லும்; அங்கிருந்து தொலைபேசி வழியே லண்டனை அடைந்து, மறுபடி தட்டில் பதிவாகி, ஒலிபெருகும். போர் முடியும் வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட உரைகள். அவற்றைக் கேட்பது ஜெர்மனியில் சிறைக்குரிய குற்றம். கேட்டதைப் பரப்பினால் மரண தண்டனையும் விதிக்கலாம். 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே, யூத இளைஞர்கள் நச்சுப் புகையால் கொல்லப்பட்ட செய்தியை அவர் தம் மக்களுக்கு அறிவித்தார்.

அவ்வாண்டு மார்ச் 28-ஆம் தேதி இரவு, ஆங்கிலேய விமானங்கள் லூபெக் நகரின் மீது குண்டு வீசின. அது மான் பிறந்த ஊர். அவருடைய முதல் பெரு நாவலுக்குக் களமான பாட்டனார் இல்லமும் அழிவுக்கு இரையாயிற்று. அடுத்த மாத உரையில் அவர் இதைப் பேசினார். வருத்தத்தை மறைக்கவில்லை. ஆயினும் ஜெர்மானிய விமானங்கள் முன்பு அழித்த கவென்ட்ரி நகரை நினைவூட்டி, செய்த வினைக்கு விலை கொடுத்தே தீர வேண்டும் என்னும் கருத்தைத் தாம் மறுக்கவில்லை என்றார்.

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பர். தூரத்துத் தீயோ நெஞ்சைச் சுடுவது. போருக்குப் பின், உள்நாட்டிலேயே இருந்து துன்புற்ற எழுத்தாளர் சிலர், வெளியே அமர்ந்து வேடிக்கை பார்த்தவர்களைவிடத் தாமே மிகுதியாகக் கற்றோம் என்றனர். அவர்கள் பட்ட துன்பம் மெய்யே. ஆனால் அங்கே அச்சிடவும் ஒலிபரப்பவும் இயலாத உண்மையை யாரேனும் ஒருவர் வெளியிலிருந்துதானே சொல்ல வேண்டியிருந்தது?

உரிமையைப் பற்றிய வினாவுக்கு என் விடை இது. 1945 மே மாதம் வாஷிங்டனில் பேசியபோது மான், நல்ல ஜெர்மனி ஒன்று, தீய ஜெர்மனி ஒன்று என இரண்டில்லை, இருப்பது ஒன்றே, அதன் குறைகள் யாவும் தம்முள்ளும் உண்டு என்றார். தாயகத்தின் பழியில் தன் பங்கையும் ஏற்பவனுக்கே அதனைக் கண்டிக்கும் தகுதி உண்டு. அத்தகுதியைத் தொலைவு தருவதுமில்லை; பறிப்பதுமில்லை.