கொக்கிளாய்க் கரையின் பாட்டுச் சேமிப்பு

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாகத் திருகோணமலை மாவட்ட எல்லையைத் தொட்டுக் கிடக்கும் கொக்கிளாய், அங்குள்ள பறவைகளுக்காகவும் கரைவலைப் பாடுகளுக்காகவும், அதாவது கரைவலை இழுக்கும் கரைப்பகுதிகளுக்காகவும், அறியப்பட்ட ஊர். இங்கும் இதைச் சூழ்ந்த வன்னிக் கிராமங்களிலும் மக்கள் பாட்டை எதில் சேர்த்துவைத்தார்கள், எவ்வாறு வகைபிரித்தார்கள் என்பதை ஆராய்ந்தால், ஒரு வீட்டின் பாட்டுச் சேமிப்பை அவ்வீட்டாரின் ரசனை மட்டும் முடிவுசெய்யவில்லை என்பதும், மின்சாரமும் போரும் பிறருடைய அனுமதியும் அதில் சம பங்கு வகித்தன என்பதும் தெளிவாகும்.

மிகப் பழைய சேமிப்பு நினைவாற்றலே. வள்ளம் கடலில் அரைவட்டமாக வலையை வளைத்துவர, அதன் இரு கயிறுகளையும் கரையில் நிற்கும் இரு அணியினர் இழுத்து மடியை நிலத்துக்குக் கொண்டுவருவது கரைவலைத் தொழில். அவ்விழுவைக்கு ஒருவர் எடுத்துக்கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடும் தொழிற்பாட்டு அம்பா எனப்பட்டது. வலையின் பாரத்தைப் பொறுத்து நீண்டும் குறுகியும் போகும் இப்பாட்டுக்கு எழுத்துவடிவம் தேவைப்படவில்லை. கூத்து அப்படியன்று. முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்பட்ட கோவலன் கூத்து முதலியவற்றின் பாடல்களை அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசான், கொப்பியில் எழுதிவைத்தார். பாத்திரங்களின் வரவு, விருத்தம், தரு என்னும் வரிசையில் அமைந்த அக்கொப்பியை இப்பகுதியின் முதல் ஒழுங்கான பாட்டுத் தொகுப்பு எனக் கொள்வதில் தவறில்லை.

வெளியூர்ப் பாட்டைப் பெருமளவில் கொண்டுவந்தது வானொலி. 1925 இல் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலைப் பரப்பி போருக்குப் பின் இலங்கையின் கைக்கு வந்தது. 1950 இல் வர்த்தக சேவையும் பிறந்தது. 1952 இல் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கியபோது தமிழகத்து நேயர்களும் இலங்கை வானொலியை நாடினர். பொங்கும் பூம்புனல், இசையும் கதையும், பாட்டுக்குப் பாட்டு முதலிய நிகழ்ச்சிகள் வழியாக ஒரு தலைமுறைக்குத் திரைப்பாடலின் வரிசையையும் வகைப்பாட்டையும் கற்றுக்கொடுத்தவர்கள் எஸ். பி. மயில்வாகனன், பி. எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் போன்ற அறிவிப்பாளர்களே. படத்தின் பெயர், பாடியவர், இசையமைப்பாளர், கவிஞர் என ஒவ்வொரு பாடலுக்கும் அவர்கள் சொல்லிய நான்கு குறிப்புகளைப் பிற்காலத்துக் கணினிப் பட்டியல்கள் பலவும் இன்றுவரை முழுமையாகத் தருவதில்லை.

பாட்டு வீட்டின் சொந்தப் பொருளானது ஒலிநாடாவால்தான். பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய கசற் எழுபதுகளின் பின்பகுதியில் வடபகுதி நகரங்களில் பரவியபோது, றெக்கோடிங் பார் எனப்பட்ட ஒலிப்பதிவுக் கடைகள் தோன்றின. வெற்றுக் கசற்றையும் கைப்பட எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால், கடைக்காரர் தம்மிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து அவற்றை வரிசையாகப் பதிந்துகொடுப்பார். அறுபது நிமிட நாடாவின் ஒரு பக்கத்தில் ஏழெட்டுப் பாட்டுகளே அடங்கும் என்பதால், பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தெரிவு வேண்டியிருந்தது. அத்தெரிவே வீட்டுச் சேமிப்புக்கு ஒரு முகத்தைத் தந்தது.

கொக்கிளாயில் அச்சேமிப்பு நிலைக்கவில்லை. 1984 நவம்பர் இறுதியில் அயலிலிருந்த கென்ற், டொலர் பண்ணைகளிலும், அடுத்து கொக்கிளாய், நாயாற்று மீனவர் வாடிகளிலும் சிங்கள மக்கள் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள் இராணுவத்தால் வெளியேற்றப்பட்டன. அவர்கள் ஊர் திரும்பப் போர் முடியவேண்டியிருந்தது. அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பெரும்பாலான குடும்பங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இடம்பெயர்ந்தன. அரிசியும் ஆவணங்களும் முதலில் மூட்டை கட்டப்பட, கசற்றுகள் பெரும்பாலும் பின்தங்கின.

1990 இல் மீண்டும் போர் மூண்டபின் வடக்கில் மின்சாரம் நின்றது. பற்றரியும் எரிபொருளும் பொருளாதாரத் தடைப் பட்டியலில் சேர்ந்தன. அக்காலத்தில் வன்னியும் யாழ்ப்பாணமும் கண்டுபிடித்த மாற்றுவழி சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாகவோ ஸ்ராண்டில் உயர்த்தியோ நிறுத்தி, பின்சில்லில் டைனமோவின் தலை உரசும்படி வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ற்று ஆடலோட்ட மின். வானொலிக்கோ நேரோட்டம் வேண்டும். ஆகவே இடையில் டயோட்டு என்னும் சிறு உறுப்பைப் பொருத்தி, இரு கம்பிகளைப் பற்றரி வைக்கும் இடத்தின் முனைகளில் செருகுவர். வானொலிக்கு இது போதுமானதாயிருந்தது. கசற் கேட்பதில் சிக்கல் கூடியது: சுற்றுபவரின் கை சற்றே தளர்ந்தால் மோட்டர் மெதுவாகி, பாடகரின் குரல் இழுபட்டுத் தடித்தது. செய்தி கேட்க ஒருவர், பாட்டுக் கேட்க இன்னொருவர் என முறைவைத்துச் சுற்றிய வீடுகளில், பாட்டுக் கேட்பது உடலுழைப்பால் ஈட்டவேண்டிய ஒன்றாயிருந்தது. இக்காலத்தைத் தொழில்நுட்பத்தின் பின்னடைவு என்று மட்டும் எழுதுவது அநியாயம். ஒரு பாட்டின் மதிப்பை அம்மக்கள் அளந்த அளவுகோல் வேறெங்கும் அரிதாகவே காணக்கூடியது.

இதே காலத்தில்தான் வன்னி தன் பாட்டைத் தானே பதிந்தது. விடுதலைப் புலிகள் 1990 நவம்பரில் தொடங்கிய புலிகளின் குரல் வானொலியும், போராட்டப் பாடல்களின் ஒலிநாடாக்களும் எஸ். ஜி. சாந்தன் போன்ற பாடகர்களின் குரலை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. அப்பாடல்களின் அரசியலை எவர் எப்படி மதிப்பிட்டாலும், அவை ஒரு நிலப்பகுதியின் ஒலிவரலாறு என்பதில் ஐயமில்லை. 2009 இன் இறுதிப் போரில் அந்நாடாக்களில் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியவற்றை வைத்திருக்க அஞ்சியோர் தாமே அழித்தனர் அல்லது புதைத்தனர்.

மீள்குடியேற்றத்தின் பின் வந்த சேமிப்பு கைபேசியின் மெமரி கார்ட். எம்பி3 என்னும் சுருக்கிய ஒலிக்கோப்பில் ஒரு பாட்டு நான்கு மெகாபைட்டளவே என்பதால், கடையொன்றில் சில நிமிடத்தில் நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஏற்றிக்கொள்ள முடிந்தது. ஆனால் தெரிவு கடைக்காரரின் கோப்புறைக்குக் கைமாறியது.

அடுத்து வந்த ஸ்ட்ரீமிங் சேவைகள் கோப்பைக் கையில் தராமல், கேட்கும் நேரத்தில் இணையம் வழியே பாட்டைத் துண்டுதுண்டாக அனுப்புபவை. அப்பிள் மியூசிக் 2015 இலும் ஸ்பொட்டிஃபை 2021 இலும் இலங்கைக்கு வந்தன. திரைப்பாடல்களைத் தேடுவோருக்கு இத்தகைய சேவைகளிடையே பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு சொந்தக் கோப்புகளை நடத்தும் முறையில் தெரிகிறது: யூடியூப் மியூசிக் 100,000 பாட்டுகள்வரை பதிவேற்ற இடமளிக்கிறது, ஸ்பொட்டிஃபை கருவியிலுள்ள கோப்புகளைத் தன் பட்டியலோடு சேர்த்துக் காட்டுவதோடு நிற்கிறது. வினாடிக்கு 160 கிலோபிற்று வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் 72 மெகாபைட் செலவாகும் என்பது, நாட்கூலியில் டேட்டா வாங்கும் மீனவக் குடும்பத்துக்குப் பொருட்படுத்தத்தக்க கணக்கு. அத்துடன், சேவையின் பட்டியல் எவருக்கும் சொந்தமானதன்று. 2023 இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் சீ மியூசிக் பாடல்கள் ஸ்பொட்டிஃபையிலிருந்து நீங்கின. எயார்ரெல் நிறுவனத்தின் விங்க் சேவை 2024 இல் மூடப்பட்டது.

இவற்றைவிட ஆழமான குறை வகைப்படுத்தலில் உள்ளது. ஒலிக்கோப்பினுள் பாட்டின் பெயரையும் பாடியவரையும் பொதித்துவைக்கும் ஐடி3 என்ற குறிப்புமுறை 1996 இல் உருவானபோது, தலைப்புக்கு அது ஒதுக்கிய இடம் 30 பைட்டுகள் மட்டுமே. இன்றைய ஒருங்குறி முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டு வேண்டும் என்பதால், கொக்கிளாய் என்னும் ஊர்ப்பெயர் ஒன்றே அவ்விடத்தை முழுதாக நிரப்பிவிடும். பின்வந்த பதிப்புகள் இந்த இடக்குறையை நீக்கின; ஆனால் கலைஞர், இசைத்தொகுப்பு என்னும் கட்டங்கள் மேற்கத்தியத் தனிப்பாடகரை மனத்தில் வைத்து அமைந்தவையாகவே நீடிக்கின்றன. இளையராஜாவின் பெயர் உரோம எழுத்தில் பலவாறு எழுதப்படுவதால் அவருடைய பாடல்கள் சொந்தக் கோப்புறைகளில் பலராகப் பிரிந்து கிடக்கின்றன. வட்டப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலில் ஒலிக்கும் பாட்டுக்கோ கலைஞர் கட்டத்தில் எழுத ஒரு பெயரே இல்லை.

ஆகவே இக்கரையின் பாட்டுக்கு வீட்டுத் தொகுப்பே முதன்மையான ஆவணக்காப்பகம். அதில் கோப்பின் பெயராகத் தலைப்பு மட்டும் போதாது. ஊர், பாடு, பாடியவர், பதிந்த ஆண்டு, பாடிய சந்தர்ப்பம் ஆகியவை தமிழில் இடம்பெறவேண்டும், ஒரு பிரதி வேறொரு வீட்டிலும் இருக்கவேண்டும். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திவருவதால், அத்தகைய பிரதிகள் போய்ச்சேர ஓர் இடமும் உண்டு. அம்பா விடயத்தில் அவசரம் அதிகம்: கரைவலையை இப்போது உழவியந்திரத்தில் பொருத்திய வின்ச் இழுக்கும் இடங்களில் பாட்டுக்கான வேலையே இல்லை, ஆதலால் இனிப் பதியவேண்டியது கயிறு பிடித்த முதியவர்களின் வாயிலிருந்து, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் இழுவை விழும் என்ற குறிப்போடு சேர்த்துத்தான்.