உழவன் செயலி

உழவன் செயலி என்பது வேளாண் திட்டங்களையும் தகவல்களையும் உழவரின் கைப்பேசிக்குக் கொண்டுசேர்க்கத் தமிழ்நாடு அரசு 2018 ஏப்ரலில் தொடங்கிய இலவசச் சேவை. மானியப் பதிவு, பயிர்க் காப்பீட்டு விவரம், விதை உர இருப்பு, வானிலை, சந்தை விலை, இயந்திர வாடகை முன்பதிவு ஆகியவை இதில் அடங்கும்.

ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் பருத்தியும் தேங்காய்ப் பருப்பும் ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்துக்கு வருகின்றன. அன்றைய விலை முன்பே தெரிந்தால், களத்துமேட்டில் வியாபாரி கேட்கும் விலைக்குக் கொடுப்பதா, கூடத்துக்கு வண்டி ஏற்றுவதா என்று உழவரே முடிவெடுக்கலாம். செயலியின் பெரும்பயன் இதுதான். ஆனால் விலை அறிவது விலை பெறுவதாகாது. ஈரப்பதமும் எடையும் நேர்மையாக அளக்கப்பட வேண்டும். 2016 ஏப்ரல் 14 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய இ-நாம் மின்னணு ஏலம் தர ஆய்வை முன்நிறுத்துவது இதனால்தான். கைப்பேசி பழகாத முதியவருக்கும் அந்தியூரை அடுத்த பர்கூர் மலைச் சிற்றூர்களுக்கும் செயலி எட்டுமா என்ற மறுப்பு நியாயமானதே. அதற்கு விடை செயலியைக் கைவிடுவதன்று. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் அலுவலரே பதிந்து தருவது. குத்தகை உழவரின் இடர் இதனினும் கடியது: நில ஆவணமான சிட்டா உரிமையாளர் பெயரில் இருக்க, மானியப் பதிவு அதையே கேட்கிறது.