ஒப்பந்தப்புள்ளி

நெடுஞ்சாலைத் துறை அறிவிப்புகளில் நாம் நித்தியம் காணும் ‘ஒப்பந்தப்புள்ளி’ என்ற தொடரில், முற்பகுதி எளிதில் விளங்கிவிடுகிறது. விசாரத்துக்கு உரியது பிற்பகுதியே. தொல்காப்பியத்தில் மெய்யெழுத்துக்குப் பெயராக நின்ற புள்ளி, காலக்கிரமத்தில் கணக்கின் குறியாகி, மதிப்பிட்ட தொகை என்னும் அர்த்தத்தையும் ஏற்று, விலைப்புள்ளி, புள்ளிவிவரம் முதலிய சொற்களுக்கு இடந்தந்ததோடு, ஊரில் செல்வாக்குள்ள மனிதரையும் ‘பெரும்புள்ளி’ ஆக்கிவிட்டது. (இவ்விரு புள்ளிகளும் சந்திக்கும் இடமே சாலைக் காண்டிராக்டு என்று குறும்பர் சொல்லக்கூடும்.)

ஜனங்கள் வழங்கும் ‘டெண்டர்’, நீட்டுதல் என்று பொருள்படும் லத்தீன் தாதுவிலிருந்து ஆங்கிலத்தின் வழியே வந்தது. போர்ச்சுகீசியர் தந்த ‘ஏலம்’ இதற்கு நேர் விரோதமான சுபாவமுடையது: ஏலத்தில் எல்லோர் காதிலும் விழும்படி விலை ஏறும், ஒப்பந்தப்புள்ளியிலோ, ஜல்லிக்கும் தாருக்கும் கூலிக்கும் இவ்வளவென்று கணித்தெழுதி, முன்னாளில் அரக்கு முத்திரையிட்ட உறையிலும் இந்நாளில் மின்னணுப் பெட்டியிலும் பிறர் அறியாவண்ணம் அடைத்த விலைகளுள் தாழ்ந்ததே வெல்லும்.

ஒளிவுமறைவின்மையை நாடித் தமிழ்நாடு 1998-இல் இயற்றிய சட்டத்தையும் 2000-இல் வகுத்த விதிகளையும் அனுசரித்து, இரட்டை உறை முறையில், தொழில் தகுதி கூறும் உறை முதலில் பிரிக்கப்பட்டு, தேறியவரின் விலையுறை மட்டுமே பின்னர் திறக்கப்படும். அதன்பின் விலையைக் குறைக்கும்படி பேசுவதாயினும், மிகக் குறைந்த விலை குறித்தவரோடு மாத்திரமே பேசலாம்.